கடைசி வாசகர்

வத்திக்கான் நூலகத்தில் 5757 என்று எண்ணிட்ட லத்தீன் சுவடி ஒன்று இருக்கிறது. அதன் ஒரே பக்கத்தில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. முதலில் கண்ணில் படுவது, புனித அகஸ்டின் விவிலியத் திருப்பாடல்களுக்கு எழுதிய விளக்கவுரை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்கு அடியில் இன்னொன்று தெரியும். மங்கிய பழுப்பில் பெரிய பெரிய எழுத்துகள். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்குப் பதினைந்தே வரி, சில வரிகளில் பத்து எழுத்துக்கு மேல் இல்லை. இடத்தைப் பற்றிக் கவலையே படாத பணக்கார வீட்டுப் புத்தகம் அது.

அடியில் இருப்பது சிசரோவின் 'குடியரசு பற்றி'. கி.மு. 51 வாக்கில் வெளிவந்தது, ஆறு பாகம். அரசு என்றால் என்ன, நீதி இல்லாத அரசை அரசு என்று சொல்ல முடியுமா என்று பேசும் உரையாடல். இடைக்காலத்தில் இந்த நூல் தொலைந்துபோனது. கடைசிப் பாகத்திலிருந்து 'சிப்பியோவின் கனவு' என்ற பகுதி மட்டும், மக்ரோபியஸ் அதற்கு ஓர் உரை எழுதியிருந்ததால் தப்பித்தது. மற்றபடி பிறர் எடுத்துக்காட்டிய துண்டு துணுக்குகள்தான். அப்படி எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? அதே அகஸ்டின். சிசரோவின் அரசு பற்றிய வரையறையோடு அவர் தன் 'கடவுளின் நகரம்' நூலில் மல்லுக்கட்டுகிறார். பிறகு அவருடைய இன்னொரு நூலே சிசரோவின் மேல் போர்வையாகப் போர்த்தப்பட்டது.

போர்த்தியவர்கள் வட இத்தாலியில் பொப்பியோ மடத்துத் துறவிகள். அயர்லாந்திலிருந்து வந்த கொலும்பானுஸ் 614இல் நிறுவிய மடம். 7ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் அங்கே ஒரு பழைய சிசரோ பிரதியைப் பிரித்து, எழுத்தை அழித்து, அதே தோலில் அகஸ்டினை எழுதினார்கள். 1618இல் பொப்பியோவின் சுவடிகளில் ஒரு பகுதி வத்திக்கானுக்கு வந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகள் இது அகஸ்டின் சுவடியாகவே அலமாரியில் இருந்தது. 1819இல் அங்கே நூலகராகச் சேர்ந்த அஞ்சலோ மாய் அடியில் இருந்ததைக் கண்டுபிடித்தார். சிசரோவின் 151 தாள்கள். 1822இல் அச்சிட்டார்.

இப்படி அழித்து மேலெழுதிய சுவடிக்குப் பாலிம்செஸ்ட் என்று பெயர். எனக்கு லத்தீன் தெரியாது. நான் பொறியியல் படித்தவன், மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இரவில் கணினித் திரையில் இந்தப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. வாசிக்கத் தெரியாதவனுக்கு ஒரு வசதி உண்டு: என்ன எழுதியிருக்கிறது என்பதில் கவனம் போகாது. யார் யார் கை பட்டது என்பதுதான் தெரியும். அந்தக் கைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

முதல் கை, அழித்த கை. இந்தக் கதையைக் கேட்கும் யாருக்கும் முதலில் வருவது கோபம்தான். 'மதவெறி பிடித்த துறவி, பண்பாட்டை அழிச்சுட்டான்' என்று சொல்லத் தோன்றும்.

கொஞ்சம் நில்லுங்கள். 8ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் எழுதப்பட்டு இன்று எஞ்சியிருக்கும் லத்தீன் நூல்களுக்கு இ. ஏ. லோ என்ற அறிஞர் 1934 முதல் பல தொகுதிகளாக ஒரு பட்டியல் வெளியிட்டார். ஐரோப்பா முழுக்க நூலகம் நூலகமாகத் தேடியும் கிடைத்தவை ஈராயிரத்தைத் தொடவில்லை. அதிலும் நிறைய வெறும் துண்டுகள். பழைய பாலிம்செஸ்ட்களை அவர் தனியாகவும் ஆராய்ந்தார். அடியில் அழிக்கப்பட்டிருப்பது ரோமானிய இலக்கியம் மட்டும் அல்ல. விவிலியம் இருக்கிறது, வழிபாட்டு நூல் இருக்கிறது. கோத்திக் மொழி விவிலியத்தையே அழித்து மேலெழுதியிருக்கிறார்கள். வெறுப்பில் செய்த காரியமாக இதைச் சொல்ல முடியவில்லை. வழக்கொழிந்த பதிப்பு, யாருக்கும் புரியாத மொழி, இரண்டாம் பிரதி, தாள் உதிர்ந்த பிரதி. இவைதான் பலியாகின.

தோலின் விலையையும் யோசிக்க வேண்டும். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடகிழக்கில் உருவான அமியாட்டினுஸ் என்ற முழு விவிலியச் சுவடி ஆயிரத்துக்கு மேற்பட்ட தாள்கள் கொண்டது. அந்த ஒரு புத்தகத்துக்கு ஏறக்குறைய 500 கன்றுகளின் தோல் போயிருக்கும் என்கிறார்கள். அந்த உலகத்தில் படிக்க ஆளில்லாத புத்தகம், சும்மா கிடக்கும் தோல்.

அலுவலக நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் உடனே, "அப்போ கூட்டிக் கழிச்சுப் பார்த்தா அந்தத் துறவிதான்டா ஹீரோ. அவன் மேல எழுதலைன்னா சிசரோவும் போயிருப்பான்ல?" என்றான்.

உண்மைதான். அந்த நூலின் மற்றப் பிரதிகளெல்லாம் போய்விட்டன. அகஸ்டினுக்கு அடியில் ஒளிந்திருந்தது மட்டும் பிழைத்தது. ஹார்ட் டிஸ்க்கில் டெலீட் செய்த கோப்பு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை உயிரோடு இருக்கும், எழுதினால் செத்தது. தோலில் தலைகீழ். மேலே எழுதியதுதான் கீழே இருந்ததைக் காப்பாற்றியது.

ஆனால் இதற்காகத் துறவிக்கு மாலை போட முடியுமா? 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நாகெல் என்ற இரண்டு தத்துவவாதிகள் அற அதிர்ஷ்டம் என்ற சிக்கலை எழுப்பினார்கள். நம் கையில் இல்லாத விளைவுகளை வைத்து நம்மைப் புகழ்வதும் இகழ்வதும் எப்படி நியாயம் என்பது கேள்வி. துறவியின் செயலும் அந்த வகைதான். அவருக்குத் தேவைப்பட்டது தோல். சிசரோ பிழைத்தது தற்செயல். தற்செயலுக்கு நன்றி சொல்லலாம். அதைச் செய்தவரின் கணக்கில் புண்ணியமாக எழுத முடியாது. இகழ்வதற்கும் அதே விதிதான்.

*

இரண்டாம் கை, மீட்ட கை. என்னைத் தூங்கவிடாதது இதுதான்.

அந்தக் கால ஐரோப்பிய மை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மாசிக்காயும் அன்னபேதியும்தான் அதன் சரக்கு. மாசிக்காய் ஓக் மரத்தில் பூச்சி முட்டையிடுவதால் திரளும் புடைப்பு. துவர்ப்புச் சத்து நிறைந்தது. அன்னபேதி இரும்பு உப்பு. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. எழுத்தைக் கழுவினாலும் தேய்த்தாலும் தோலுக்குள் இறங்கிய இரும்பு கொஞ்சம் தங்கிவிடும். அதன் மேல் மறுபடி மாசிக்காய்ச் சாற்றைத் தடவினால், மிஞ்சிய இரும்போடு துவர்ப்பு சேர்ந்து பழைய எழுத்து மீண்டும் கறுத்து எழுந்து வரும்.

மாய் செய்தது இதைத்தான். வத்திக்கானுக்கு வரும் முன் மிலான் நகரின் அம்புரோசியன் நூலகத்தில் இருந்தபோதும் இதைத்தான் செய்தார். ஆயிரம் வருடம் யார் கண்ணிலும் படாத வரி, ஈரத் தூரிகை பட்டதும் கண்முன்னே எழுந்து வருகிறது. அந்தக் கணத்தில் தூரிகையைக் கீழே வைக்கிற மனிதன் யார்?

விலை பிறகு வந்தது. தடவிய சாறு எழுத்தோடு நிற்காமல் தாள் முழுக்கப் பரவியது. வருடங்கள் போகப் போகப் பக்கமே பழுப்பாகி, பிறகு கறுத்தது. மாய் 1815இல் மிலானில் கண்டெடுத்த ப்ளவுட்டஸ் நாடகச் சுவடி இதற்குச் சாட்சி. அதுவும் பொப்பியோவிலிருந்து வந்த பாலிம்செஸ்ட். ப்ளவுட்டஸின் 'விதுலாரியா' நாடகத்தில் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி அதில் மட்டும்தான் உண்டு. மருந்தால் கறுத்த அந்தத் தாள்களை வில்ஹெல்ம் ஸ்டூடெமுண்ட் என்ற ஜெர்மானியர் வருடக்கணக்கில் எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பிரதி எடுத்தார். பார்வை கெட்டுப்போனது. 1889இல் அவருடைய பிரதி அச்சாகி வந்தது. அதே ஆண்டு இறந்துபோனார். அவர் கண்ணை விலையாகக் கொடுத்துப் பார்த்த பல எழுத்துகளை இன்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

மாய் மட்டும் இல்லை. வெரோனா நகரில் ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸின் பாடநூல் ஒரு பாலிம்செஸ்ட்டில் 1816இல் கிடைத்தது. ரோமானியச் சட்டத்தைப் பற்றிய பார்வையையே மாற்றிய கண்டுபிடிப்பு. அதன் மேலும் மருந்து தடவினார்கள், இன்னும் கடுமையான மருந்து.

ஆக, கணக்கு இப்படி நிற்கிறது. சிசரோவைப் பொருட்படுத்தாத துறவியின் கை அவரைக் காப்பாற்றியது. ரோமானிய எழுத்தின் மேல் உயிரை வைத்திருந்தவர்களின் கை அதற்கு ஊறு செய்தது.

*

சரி, மாய் தவறு செய்தாரா?

'அசலில் கை வைக்காதே' என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தரவை மீட்க வேண்டுமென்றால், முதலில் அதை அப்படியே நகலெடுத்து, நகலில்தான் வேலை பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் மாயைக் கண்டிப்பது எனக்குச் சுலபம். ஆனால் 1819இல் புகைப்படமே இல்லை. நகலெடுக்க ஒரே வழி, கண்ணால் வாசித்துக் கையால் எழுதுவது. வாசிக்க ஒரே வழி, மருந்து. ஒரு நூறு வருடம் காத்திருந்தால் வேறு வழி பிறக்கும் என்று அவருக்கு யார் சொல்வது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காத்திருப்பது என்றால் யாருடைய செலவில்? 1820இல் இத்தாலியில் ஓர் இளைஞர் சிசரோ கிடைத்த செய்தி கேட்டு மாயை விளித்துக் கவிதையே எழுதினார். அவர் பெயர் ஜாக்கோமோ லெயோபார்டி. அப்போது வயது 21. 'பிற்காலத்தில் நல்ல கருவி வரும், அதுவரை பெட்டியைப் பூட்டி வைப்போம்' என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் 1837இல் இறந்துவிட்டார். வாழ்ந்துகொண்டிருக்கும் வாசகரின் பசியை இன்னும் பிறக்காத வாசகருக்காக எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்? யாருமே வாசிக்காமல் பத்திரமாக இருக்கும் புத்தகம் பதப்படுத்திய தோல்தானே?

அதனால் 'தொடாதே' என்பதை ஓர் அறவிதியாக என்னால் ஏற்க முடியவில்லை. அது அலமாரிக்கு நல்ல விதி. வாசிப்புக்கு நல்ல விதி இல்லை. வாசிப்பு எப்போதுமே கொஞ்சம் தேய்க்கும். பக்கம் புரட்டினால் ஓரம் நையும். வெளிச்சம் பட்டால் நிறம் போகும்.

துறவி, மாய் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது வேறொன்று. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று அறிய வழியில்லை. ஆனால் செயலுக்குள் ஒரு அனுமானம் இருக்கும் அல்லவா, அதைப் பார்க்கலாம். எழுத்தை அழிக்கும் செயலுக்குள் இருக்கும் அனுமானம்: இதை இனி யாரும் வாசிக்கப்போவதில்லை. மருந்து தடவும் செயலுக்குள் இருப்பது: நான் வாசித்து அச்சிட்டுவிட்டால் போதும், மறுபடி யாரும் இந்தத் தாளிடம் வர வேண்டியதில்லை. அலட்சியமும் ஆசையும் எதிரெதிர்த் திசையில் கிளம்பி ஒரே திண்ணையில் வந்து உட்காருகின்றன. இரண்டுக்கும் தானே கடைசி வாசகர் என்ற நினைப்பு.

தேவைக்காக அழிப்பதோ ஆசையால் தொடுவதோ அவ்வளவு பெரிய குற்றமாக எனக்குப் படவில்லை. எனக்கு அப்புறம் யாரும் வரமாட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் உறுத்துகிறது. வரப்போகிறவர் என்ன கேட்பார் என்று நமக்குத் தெரியாது. நாம் கேட்காத கேள்வியோடு அவர் வரலாம். அவருக்கும் கேட்க ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும். வாசிப்பவரின் கடமை என்று நான் நினைப்பது இதைத்தான்.

*

இதைப் புரிந்துகொண்டவர்களும் நூலகங்களுக்குள்ளிருந்தே வந்தார்கள். 1898இல் வத்திக்கான் நூலகத்தின் தலைவராக இருந்த பிரான்ஸ் எர்லே, சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் நகரில் ஒரு சர்வதேச மாநாட்டைக் கூட்டினார். பழைய சுவடிகளை எப்படிக் காப்பாற்றுவது என்பது பேசுபொருள். மாய் இருந்த அதே நூலகத்தின் தலைமையில் எண்பது வருடம் கழித்து ஒருவர் உட்கார்ந்து, முன்னோர்கள் தடவிய மருந்தின் விளைவுகளைக் கணக்கெடுக்கிறார். கூட்டிய ஊரும் பொருத்தமானது. சங்க்ட் காலன் மடம் கொலும்பானுஸின் சீடர் காலுஸ் பெயரில் எழுந்தது. 926இல் ஹங்கேரியர்கள் படையெடுத்து வந்தபோது விபொராதா என்ற தவப்பெண், முதலில் புத்தகங்களை அப்புறப்படுத்துங்கள் என்று சொன்னதாகவும், தான் இடத்தைவிட்டு நகர மறுத்துக் கொல்லப்பட்டதாகவும் மரபு சொல்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அடுத்த அடி. தெற்கு ஜெர்மனியின் பாய்ரன் மடத்தைச் சேர்ந்த துறவி ரபேல் கோகல், புற ஊதா ஒளியில் பாலிம்செஸ்ட்களைப் படம் எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். புற ஊதா ஒளி பட்டால் தோல் மெல்ல ஒளிரும். பழைய மை தங்கிய இடம் ஒளிராது, இருட்டாக நிற்கும். அழிந்த எழுத்து நிழலாக எழுந்து வரும், ஒரு சொட்டு மருந்து படாமல். துறவிகள் அழித்ததை 1,200 வருடம் கழித்து ஒரு துறவி வாசித்தார். அவர் வாசித்த பிறகும் தாள் அப்படியே அடுத்தவருக்காக இருந்தது. இன்று பல அலைநீளங்களில் படமெடுத்துக் கணினியில் கலந்து பார்க்கும் முறையெல்லாம் இந்த வழியில் வந்ததுதான்.

இங்கே கதையை முடித்தால் தொழில்நுட்பம் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று ஆகிவிடும். என் தொழிலுக்குப் பெருமைதான். ஆனால் ஸ்கேனருக்குள்ளும் அதே பழைய நினைப்பு உட்கார்ந்திருக்கிறது. 'உயர்தரப் படம் எடுத்தாச்சு, இனி அசல் எதுக்கு?' என்ற வாக்கியத்தை வெவ்வேறு வடிவங்களில் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். மாயின் அச்சுப் புத்தகம் இருந்த இடத்தில் இப்போது படக்கோப்பு இருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த வாக்கியத்துக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் ஒரு ரப்பரிலிருந்து வந்தது. பள்ளியில் பென்சில் எழுத்தை அழிப்போமே, அதே ரப்பர்தான். சுவடிகளைப் பராமரிப்பவர்கள் தோல் மேல் படிந்த அழுக்கை எடுக்க ரப்பரால் மென்மையாகத் தேய்ப்பது வழக்கம். உதிரும் துகளைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் துகளைக் கேட்டு வாங்கினார்கள். அதில் ஒட்டியிருந்த புரதத்தை ஆராய்ந்து, அந்தத் தாள் கன்றின் தோலா, ஆட்டின் தோலா என்று சொல்லிவிட்டார்கள். 2015இல் அந்த முறை வெளியானது. சுவடியிலிருந்து ஒரு நூலிழை கூட வெட்ட வேண்டியதில்லை.

அதற்கு முன் எடுத்த எந்தப் படத்திலும் புரதம் இல்லை. இருக்கவும் முடியாது. படம் எடுத்தவரின் கேள்வி எழுத்தைப் பற்றியது. இந்தக் கேள்வி மாட்டைப் பற்றியது. எவ்வளவு துல்லியமான நகலும் அதை எடுத்தவரின் கேள்விக்குத்தான் துல்லியம்.

*

இதெல்லாம் சொல்லிவிட்டு 'எதையும் அழிக்காதீர்கள்' என்று முடித்தால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன். என் வேலையில் பாதி, எதை அழிப்பது என்று முடிவெடுப்பது. சேமிப்பகத்துக்கு மாதாமாதம் பில் வருகிறது. பொப்பியோவுக்குத் தோல் பற்றாக்குறை என்றால் எங்களுக்குப் பட்ஜெட் பற்றாக்குறை. தவிர, சில தரவுகளை மிச்சமில்லாமல் அழித்தே ஆக வேண்டும். ஒருவர் தன் உடல்நலத் தகவலையோ பழைய செய்திகளையோ அழிக்கச் சொன்னால், 'எதிர்கால வாசகருக்காக வைத்திருக்கிறேன்' என்பது வெறும் திமிர். சிசரோ இறந்து 2,000 வருடம் ஆகிறது, அவர் வாசகரை விரும்பியவர். இவர் உயிரோடு இருக்கிறார், வாசகரை விரும்பாதவர். உயிரோடு இருப்பவரின் சொல்தான் முதலில்.

அது போக மிஞ்சும் இடத்தில்தான் கேள்வி வருகிறது. பயனற்றது என்று நான் முடிவுகட்டிய ஒன்றை அழிக்கும்போது, அது யாருக்குப் பயனற்றது? அழித்துத்தான் ஆக வேண்டுமென்றால், என்ன இருந்தது, ஏன் போனது என்று ஒரு வரியாவது எழுதி வைக்க முடியாதா? மீட்டெடுக்கத்தான் வேண்டுமென்றால், ஒரு மூலையையாவது தொடாமல் விட முடியாதா? மாயிடம் அந்த ஒன்றைத்தான் கேட்டிருப்பேன். 151 தாளையும் வாசியுங்கள் ஐயா, வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சில தாள்களை மட்டும் மருந்து படாமல் விட்டுவையுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

'சிப்பியோவின் கனவு' பகுதியில் இறந்துபோன தாத்தா பேரனை வானத்துக்கு அழைத்துப்போய்ப் பூமியைக் காட்டுவார். எவ்வளவு சிறியது பார், இதில் கிடைக்கும் புகழ் எத்தனை நாளைக்கு, வெள்ளமும் நெருப்பும் வந்து மனிதர்களின் நினைவைத் துடைத்துவிடும் என்பார். நிலைக்காது என்று சொன்ன அந்தப் பகுதிதான் ஒருநாளும் தொலையாமல் இருந்தது. எது தங்கும் என்று சிசரோவுக்கும் தெரிந்திருக்கவில்லை. யார்க்கின் ஆய்வாளர்கள் கேட்டு வாங்கும்வரை, அந்த ரப்பர் துகளும் குப்பைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.